பதினோரு டிஸ்குக்கு ஒரு கேபினட்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் எழுத உட்கார்ந்ததை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாவது வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கல்யாண வீடியோவின் தொடக்கத்தில் பூக்களுக்கு நடுவே வருகிற எழுத்துகள்தான். மணமகன் பெயர், மணமகள் பெயர், மண்டபத்தின் பெயர், கடைசியில் நன்றி. அதைத் தாண்டி இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு தகரப் பெட்டியைப் பற்றி. கம்ப்யூட்டரை உள்ளே வைக்கிற கேபினட் வாங்கின கதையை யார் படிப்பார்கள் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஆனால் அந்தப் பெட்டியைத் தேடிய நாட்களில் இருந்த ஆர்வம் வேறு எதைத் தேடும்போதும் எனக்கு இருந்ததில்லை. பட்டுச்சேலை எடுக்கப் போனபோதுகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் செய்வது வீடியோ மிக்ஸிங். சரவணம்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் என் ஆபீஸ். ஸ்டூடியோக்காரர்கள் கல்யாணத்தை எடுத்து மெமரி கார்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பேன். ஆட்களோடு அதிகம் பேச வேண்டியதில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அது ஒரு காரணம். எத்தனையோ குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. கடைவீதியில் சில சமயம் யாராவது எதிரே வருவார்கள். தாலி கட்டுகிற நேரம் பார்த்துத் தும்மினவர் இவர்தானே என்று ஞாபகம் வரும். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போய்விடுவேன்.

ஸ்டூடியோக்காரர்கள் பழையதை ரொம்ப நாள் வைத்துக்கொள்வதில்லை. புதுக் கல்யாணம் வந்தால் பழையதை அழித்துவிட்டு இடம் செய்துகொள்வார்கள். நான் அழிப்பதில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் இன்னொன்று வாங்குவேன். அப்படிச் சேர்ந்தது பதினொன்று. பாதி மேஜைமேல் கிடந்தது. மீதி பீரோவில் சேலைகளுக்கு நடுவே, வீட்டுக்காரரின் பழைய பனியன்களில் சுற்றி இருந்தது. ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. ஒரு தடவை நடந்ததை வேண்டுமானால் சொல்லலாம்.

ஆனைமலைப் பக்கமிருந்து ஒரு அம்மா போன் செய்தார்கள். ஸ்டூடியோவில் என் நம்பரை வாங்கியிருக்கிறார்கள்.

"ஏனுங்க, மூத்தவன் கல்யாணத்துல இணைச்சீர் செஞ்சது உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"இருக்குமுங்க. எதுக்குங்க?"

"சின்னவனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறமுங்க. அக்காக்காரி எந்தப் பக்கம் நிக்கோணும், கூறைச்சேலை முனை யார் கையில இருக்கோணும்னு அருமைக்காரரு ஒண்ணு சொல்றாருங்க, எங்க பெரியம்மா ஒண்ணு சொல்றாங்க. ரெண்டு பேருக்கும் இப்பப் பேச்சுவார்த்தையே இல்லீங்க."

இணைச்சீர் என்பது மாப்பிள்ளையோடு அவருடைய அக்கா தங்கச்சி நின்று செய்கிற சடங்கு. அருமைக்காரர் என்பவர் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர் எல்லாம் முன்னால் நின்று செய்து வைக்கிற பெரியவர். அவரோடு கோபித்துக்கொண்டால் கல்யாணம் நகராது. அந்த அம்மா, பெரியம்மா, அருமைக்காரர் மூன்று பேரும் ஒரு பை இளநீரோடு வந்துவிட்டார்கள். பின்னறையில் உட்கார இடமில்லாமல் அருமைக்காரர் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் ஐந்தாறு டிஸ்குகளை மாற்றி மாற்றிச் செருகித் தேடி, இணைச்சீர் செய்யும் இடத்தை எடுத்துப் போட்டேன். மூவரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"நாஞ் சொன்னது அதானுங்க," என்றார் அருமைக்காரர்.

"அதைத்தான நானும் தலையால அடிச்சுக்கிட்டேன்," என்றார் பெரியம்மா.

யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே காரில் திரும்பிப் போனார்கள். அழிக்காமல் வைத்திருப்பது எதற்கு என்றால் இதற்குத்தான். இப்படி வருடத்துக்கு நாலைந்து பேர் கேட்டு வருகிறார்கள்.

எங்கள் மகளுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் கல்யாணம் ஆகி, ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கட்டுச்சோறு கொண்டுபோய் அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். எங்களிடம் இருக்கிற இரண்டு அறைகளில் ஒன்றில் நாங்கள் படுக்கிறோம். அவளுக்கும் பிறக்கப்போகிற குழந்தைக்கும் பின்னறைதான். கூடத்தில் இடமில்லை, ராத்திரி வண்டியைக்கூட அங்கேதான் ஏற்றி நிறுத்துகிறோம். என் கம்ப்யூட்டர் பின்னறையில்தான் இருந்தாக வேண்டும். அங்கேதான் ஒயரும் இன்டர்நெட்டும் இருக்கிறது.

ஒரு நாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து வீட்டுக்காரர் சொன்னார்:

"அம்மணி, நல்லா யோசிச்சுப் பாரு. எல்லாம் ஒரே பொட்டியில அடங்கோணும். சத்தம் வரக்கூடாது. பச்சக்கொழந்தை தூங்கற ரூமு. அடங்குச்சுன்னா இருக்கட்டும். இல்லீன்னா பழசையெல்லாம் அழிச்சுப்போட்டு ஒண்ணோ ரெண்டோ வெச்சுக்க."

"அழிக்க மனசு வராதுங்க."

"அப்பப் பொட்டி பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது நியாயம்தான். அந்த அறையில் மேஜைமேல் ஐந்தாறு டிஸ்க், ஒவ்வொன்றுக்கும் ஒரு அடாப்டர், ஒரு ஒயர். எல்லாம் ஓடினால் தேன்கூடு மாதிரி ஒரு சத்தம் வரும். எனக்குப் பழகிப்போனது. பிறந்த குழந்தைக்குப் பழகுமா?

முதலில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். வாசலைத் தாண்டினதும் நகைக்கடைக்குள் வந்துவிட்டோமோ என்று இருந்தது. கேபினட் எல்லாம் கண்ணாடி. உள்ளே நீலமும் சிவப்புமாக லைட் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பையன் வந்தான்.

"கேமிங்குக்குங்களா மேடம்?"

"இல்லீங்க. கல்யாணத்துக்கு."

அவனுக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் எத்தனை வைக்கலாம் என்று மட்டும் கேட்டேன். ஒரு பெட்டியைத் திருப்பிக் காட்டினான். அடியில் ஒரு மூலையில் இரண்டு டிஸ்குக்கு இடம் இருந்தது. இன்னொரு பெட்டியில் அதுவும் இல்லை.

"ரெண்டுக்கு மேல இப்ப யாரு மேடம் போடறாங்க? எல்லாம் ஆன்லைன்லயே வெச்சுக்கறாங்க."

பதினொன்று என்று சொல்ல வாய் வரவில்லை. பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது அதே யோசனை. முன்பெல்லாம் கேபினட் பெரிதாக, கறுப்பாக, உள்ளே தட்டுத்தட்டாக இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தத் தட்டெல்லாம் எங்கே போயிற்று? கொஞ்ச நேரத்தில் எனக்கே ஒன்று தோன்றியது. கண்ணாடி வைப்பது உள்ளே இருப்பதைக் காட்டத்தான். ஹார்ட் டிஸ்கில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? செங்கல் மாதிரி ஒரு கட்டி. அழகாக இல்லாததற்கு வீட்டில் இடமில்லை என்று ஆகிவிட்டது. இது சரியா தப்பா என்று தெரியாது. ஆனால் காந்திபுரம் வருகிறவரைக்கும் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆன்லைனில் வைக்கலாமே என்று மாப்பிள்ளையும் போனில் சொன்னார். அவர் படித்தவர், யோசித்துத்தான் சொல்வார். ஒரே ஒரு கல்யாணத்தை ஏற்றிப் பார்த்தேன். ராத்திரி சாப்பிடும் முன்னால் போட்டேன். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்தும் ஏறிக்கொண்டே இருந்தது. மற்றதெல்லாம் ஏறி முடிவதற்குள் குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும்.

அடுத்த வாரம் டவுனுக்குப் போனேன். ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற பாய் ஒருவர் இருக்கிறார். என் முதல் கம்ப்யூட்டரை அவரிடம்தான் வாங்கினோம். இந்தத் தடவை ஒரு வேலை செய்தேன். என்னிடம் செத்துப்போன டிஸ்க் ஒன்று இருந்தது. பதினொன்றில் சேராதது. ஒரு நாள் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றுபோனது. அதில் இருந்த கல்யாணங்களை இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. மீதி பதினொன்றும் துணிக்கு நடுவே புழுங்கிக் கிடக்காமல் ஒழுங்காக ஓரிடத்தில் இருக்கட்டும் என்று நான் நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தச் செத்த டிஸ்கைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன்.

பாய் கல்லாவில் உட்கார்ந்து ஒரு மதர்போர்டை பிரஷ் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் துண்டைப் பிரித்து டிஸ்கை மேஜைமேல் வைத்தேன்.

"ரிப்பேருங்களா?"

"இல்லீங்க பாய். அளவுக்கு."

அவர் டிஸ்கையும் என்னையும் பார்த்தார். "டெய்லர் கடைக்கு அளவு ஜாக்கெட் கொண்டு வர்ற மாதிரி கொண்டாந்திருக்கீங்க."

"இது பதினொண்ணு கொள்ளற மாதிரி ஒரு கேபினட் வேணுமுங்க. சத்தம் வரக்கூடாது."

"பதினொண்ணா?" பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "என்னங்க்கா வெச்சிருக்கீங்க அவ்ளோ?"

"கல்யாணமுங்க."

"அதுக்குன்னே ரெடிமேடா பொட்டி வருதுங்க்கா. நாலு கொள்ளறது, எட்டு கொள்ளறதுன்னு. எட்டு கொள்ளறத வெலை கேட்டீங்கன்னா, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற கல்யாணத்துல ஒண்ண நீங்களே நடத்தி வெச்சிருக்கலாமேன்னு தோணும்."

நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. மாடியில் குடோன் இருக்கிறது, அங்கே பழசு சில கிடக்கிறது, வாங்க என்றார். மாடிப்படி முழுக்க கீபோர்டும் ஒயரும். மேலே ஜன்னல் ஓரத்தில் ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக இழுத்து வெளியே வைத்தார். நான் ஒவ்வொன்றின் வாயிலும் என் டிஸ்கை வைத்துப் பார்த்தேன். ஒன்றில் நாலு கொண்டது. ஒன்றில் ஐந்து கொண்டது, ஆனால் கதவு மூடவில்லை. ஒன்றைத் திறந்தால் உள்ளே எலி குடியிருந்த அடையாளம்.

கடைசியாக ஒன்றைச் சுவர் ஓரத்திலிருந்து இழுத்தார். என் இடுப்புக்கு வந்தது. முன்பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி ஒன்பது வாய். பார்த்தால் தபால் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினது போல் இருந்தது.

"இது எதுக்குங்க பாய் இத்தனை வாய்?"

"சிடி காப்பி போடற கடையில இருந்து வந்ததுங்க்கா. ஒரே நேரத்துல வரிசையாச் சுத்தும். கல்யாண சிடி, பாட்டு சிடி, எல்லாம் இதுல போட்டதுதான்."

எனக்கு அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. நான் வேலை ஆரம்பித்த காலத்தில் மிக்ஸிங் முடித்துக் கொடுக்கிற ஒரு சிடியை ஸ்டூடியோக்காரர் எங்கேயோ கொண்டுபோவார். சாயங்காலம் சம்பந்தி வீடு, மாமன் வீடு, பங்காளி வீடு எல்லோருக்குமாக இருபது முப்பது சிடி ஆகித் திரும்பி வரும். எப்படி ஆகிறது என்று கேட்க எனக்குக் கூச்சம். இப்படித்தான் ஆகியிருக்கிறது.

டிஸ்கை ஒரு வாயில் வைத்தேன். உள்ளே விழுந்துவிட்டது. சிடி டிரைவ் அகலம். ஹார்ட் டிஸ்க் அதைவிட ஒடுக்கம். பாய் உதட்டைப் பிதுக்கினார். நான் டிஸ்கைக் குறுக்காகத் திருப்பி, பக்கவாட்டில் நிற்க வைத்துப் பார்த்தேன். மூன்று வாய்க்கு நடுவே இருக்கிற தடுப்பை எடுத்துவிட்டால் அந்த உயரத்தில் டிஸ்க் நிற்கும். பக்கத்தில் இன்னொன்று நிற்கும். கையால் அளந்தேன். காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு நாலு நிற்கும். மூன்று மூன்று வாயாகப் பிரித்தால் ஒன்பது வாயில் பன்னிரண்டு.

"பன்னண்டு ஆகுமுங்க பாய்," என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

"அதுக்குத் தனியாக் கூண்டு வேணுமுங்க்கா. எங்கிட்ட இல்ல."

"எங்க வீட்டுக்காரரு பேனல் போர்டு பட்டறையில வேலை பாக்கறாருங்க. தகரம் வளைச்சுக் குடுப்பாரு."

"அப்புறம் என்ன, வீட்டுலயே கம்பெனி வெச்சுட்டு எங்கிட்ட வந்திருக்கீங்க." பெட்டியைத் தட்டினார். தூசி பறந்தது. "எடுத்துட்டுப் போங்க. சரிவரலீன்னா திருப்பிக் கொண்டாங்க. ஆனா நீங்க கொண்டார மாட்டீங்க."

மதர்போர்டில் இருக்கிற இணைப்பு பதினொன்றுக்குப் போதாது, கூடுதலாக ஒரு கார்டு போட வேண்டும் என்று அதையும் தேடிக் கொடுத்தார். ஆட்டோவில் பெட்டியை நிற்க வைத்து, சாயாமல் இருக்கக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீதி திரும்பினதும் எதிர்வீட்டு அம்மா கேட்டார்கள்:

"ஏனுங்க, புது ஃப்ரிட்ஜுங்களா?"

"ஆமாங்க," என்று சொல்லிவிட்டேன். விளக்குவதற்கு அதுவே சுலபமாக இருந்தது.

வீட்டுக்காரர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. கணபதியில் ஒரு பட்டறையில் பல வருடமாகக் கிணற்று மோட்டார்களுக்குப் பேனல் பெட்டி செய்கிறவர். தகரத்தைத் தட்டிப் பார்த்து, "பழைய காலத்துத் தகரம். நல்ல கனம்," என்றார். கூண்டு எப்படி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் அளவு டிஸ்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஒரு வாரம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால், "வருது வருது," என்பார்.

வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. பெட்டி முழுக்கப் பேனல் போர்டுக்கு அடிக்கிற சாம்பல் நிறம். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. அடியில் கிரைண்டருக்குப் போடுகிற தடித்த ரப்பர் கால் நாலு. உள்ளே மூன்று கூண்டு, ஒவ்வொரு திருகுக்கும் கீழே ஒரு ரப்பர் வாஷர். முன்பக்கத்தில் மண்டை ஓடு படத்தோடு 'அபாயம்' என்று சிவப்பு எழுத்து.

"இது எதுக்குங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "பழக்கதோசம். கை தானா ஒட்டிப்போடுச்சு."

பிறகு பெட்டியைச் சுற்றிக் காட்டினார். சிடி வாய் ஒன்பதையும் ஒரே தகரத்தால் அடைத்திருந்தார். பக்கவாட்டுத் துளைகள் எல்லாம் அடைத்து மட்டமாகத் தேய்த்திருந்தார். பின்னால் ஃபேன் இருந்த வட்டத்தையும் அடைத்துவிட்டார். பவர் சப்ளைக்கும் ஒயருக்கும் மட்டும் ஒரு ஓட்டை, அதற்கும் வலை.

"பல்லி போகுமா பாரு. எறும்பு போகுமா பாரு," என்றார்.

அவர் வேலையில் எல்லாக் கெடுதலும் பல்லியால்தான் வரும். ஸ்டார்டர் பெட்டிக்குள் ஒரு பல்லி போய்க் குறுக்கே படுத்தால் மோட்டார் புகைந்துவிடும். தோட்டத்துக்காரர் விடியற்காலையில் போன் செய்து திட்டுவார். அதனால் அவர் செய்கிற பெட்டியில் ஊசி போகிற இடம்கூட இருக்காது. நானும் அந்த நேரத்தில் அதை ஒன்றும் நினைக்கவில்லை. கம்ப்யூட்டரின் உள்பாகங்களை அதற்குள் மாற்றிவிட்டு, பதினோரு டிஸ்கையும் பீரோவிலிருந்தும் மேஜையிலிருந்தும் எடுத்து ஒவ்வொன்றாக நிற்க வைத்தபோது புத்தகம் அடுக்குகிற மாதிரி அவ்வளவு ஒழுங்காக இருந்தது. பன்னிரண்டாவது இடம் மட்டும் காலி. கதவை மூடிச் சுவிட்சைப் போட்டேன்.

சத்தமே இல்லை.

"எங்க, ஓடுதா?"

"ஓடுதுங்க." பெட்டியின்மேல் காதை வைத்தேன். ரொம்பத் தூரத்தில் எங்கேயோ மில் ஓடுகிற மாதிரி ஒன்று கேட்டது. அவரும் குனிந்து காதை வைத்தார். இரண்டு பேரும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

"அப்பறம் என்ன. கண்ணு வரட்டும்," என்று மகளைச் சொன்னார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனபிறகு ஒரு கல்யாணத்தை ஓடவிட்டு வேலை செய்தேன். டிஸ்க் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்டுகிற ஒரு சாஃப்ட்வேர் உண்டு. எப்போதாவது பார்ப்பேன். அன்றைக்கு மத்தியானம் பார்த்தபோது எல்லாம் சிவப்பில் இருந்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. மேல் கூண்டில் இருந்தது அறுபதைத் தொட்டிருந்தது. வெளியே இருந்தபோது நாற்பதைத் தாண்டினதில்லை. உடனே எல்லாவற்றையும் நிறுத்திக் கதவைத் திறந்தேன். இட்லிப்பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது.

எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. தொட்டால் லேசாகத்தான் சுடுகிற டிஸ்க், பதினொன்று ஒன்றாக மூச்சு விட்டால் இவ்வளவா? பயம் பிறகு வந்தது. இப்படி ஒரு மாதம் ஓடினால் ஒவ்வொன்றாக டிக் டிக் என்று நின்றுபோகும். அழிக்க மனமில்லாமல் வைத்திருந்ததை நானே வேகவைத்து அழித்தது மாதிரி ஆகிவிடும். திறந்து வைத்தால் சத்தம் வரும். சத்தம் வந்தால் அறையில் இடமில்லை. மகளை அழைத்து வர நாலே நாள்தான் இருந்தது.

அதைவிடக் கஷ்டம், இதை அவரிடம் எப்படிச் சொல்வது. ஒரு ஓட்டையை அடைக்க எவ்வளவு தேய்த்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரியும். சாயங்காலம் வந்ததும் காப்பி கொடுத்தேன். வரும் முன்னாலேயே சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டிருந்தேன். அவர் கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்தேன்.

கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். "மோட்டாரு இதைவிடச் சுடுமே."

"மோட்டாரு தாங்குமுங்க. இது தாங்காது."

காப்பியைக் குடித்தார். "ஓட்டை போட்டா பல்லி வரும்."

"வலை போட்டுக்கலாமுங்க."

"சத்தம் வரும்."

"வருமுங்க."

டம்ளரைக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் பெட்டிக்கு முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். பாயிடம் கேட்கலாம் என்று தோன்றியது. எனக்குப் போனில் பேசுவதென்றால் நேரில் பேசுவதைவிடக் கூச்சம். இருந்தாலும் போட்டேன். நடந்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்பு.

"ஏனுங்க்கா, பிரியாணிக்கு தம் போடற மாதிரி அடைச்சுப்போட்டீங்களா? சின்ன ஃபேனு வேகமாச் சுத்தும், கத்தும். பெருசாப் போடுங்க, மெதுவாச் சுத்தும். சூடு மேலதான் போகும், மேலயும் தொறந்து வுடுங்க."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"ஓட்டை போடறேன். ஆனா பேச்சு பேச்சுதான். கண்ணு வந்து இந்த ரூமுல படுக்கட்டும், பொட்டி ஓடட்டும். அவ தூங்கினா பொட்டி இருக்கும். தூங்கலீன்னா பழசு போகும். சரியா?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து டிரில் கொண்டுவந்தார். தான் தேய்த்து மட்டமாக்கின தகரத்தைத் தானே வெட்டினார். பின்னால் ஃபேனுக்குப் பெரிய வட்டம், முன்னால் கீழே ஒரு சதுரம், மேலே வரிசையாகத் துளைகள். வலைக்குக் கடைக்குப் போகலாம் என்றபோது நான் சமையலறையிலிருந்து மாவு சலிக்கிற சல்லடையை எடுத்துவந்தேன். பெரியது. அதில் பல்லிக்குட்டிகூட நுழையாது.

"இனி மாவு எதுல சலிப்பே?"

"உங்க ஹெல்மெட்டுல."

அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன், ரொம்ப நாளைக்குப் பிறகு. சல்லடையை வெட்டி மூன்று இடத்திலும் வைத்துத் திருகி, பாயிடம் வாங்கிவந்த பெரிய ஃபேனைப் பின்னால் மாட்டினோம். சுவிட்சைப் போட்டேன். இப்போது சத்தம் இருந்தது. பழைய தேன்கூடு இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மின்விசிறி மெதுவாக ஓடுவது போல. ஆனால் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன்: நாற்பதுக்குப் பக்கத்தில். பல்லியைத் தவிர வேறு கவலை இல்லை என்றார் அவர். எனக்குச் சத்தத்தைத் தவிர வேறு கவலை இல்லை.

கட்டுச்சோறுக்குப் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். சம்பந்தி வீட்டில் விருந்து முடிந்து மகளைக் காரில் அழைத்து வந்தோம். வீட்டுக்குள் நுழைந்து நேராகப் பின்னறைக்குப் போனாள். வாசலில் நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது, டிரான்ஸ்பார்மரா?"

"கேபினட்டு கண்ணு."

"அபாயம்னு போட்டிருக்கு. இங்கயா நான் படுக்கறது?"

"அது உங்கப்பாவோட கைவேலை."

"அது தெரியுதும்மா. மண்டை ஓடு அப்பா சாடையாத்தான் இருக்கு."

அவர் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டதும் கண்ணைச் சுழற்றுகிறது என்று அவள் போய்ப் படுத்தாள். நான் ஒரு வேலையை ஓடவிட்டிருந்தேன். அவர் அரை நாள் லீவு போட்டிருந்தார், காரணம் சொல்லவில்லை. கூடத்தில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே பக்கத்தைத்தான் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வெண்டைக்காய் நறுக்குகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே ஒரு காட்சிக்காக எல்லா டிஸ்கும் ஒரே நேரத்தில் எழுந்து சுற்ற ஆரம்பித்தது, ம்ம்ம் என்று. அவர் பேப்பருக்கு மேலே என்னைப் பார்த்தார். நான் வெண்டைக்காயைப் பார்த்தேன்.

கட்டில் கிரீச்சிட்டது. புரண்டு படுக்கிறாள். எழுந்து வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை.

இரண்டு பேரும் எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தோம். ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நீட்டின ஒரு காலின் உள்ளங்கால் பெட்டியின் பக்கத்தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெயில் முகத்தில் விழாமல் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து பேப்பரை மடித்து வைத்தார்.

சாயங்காலம் எழுந்து வந்ததும் அவரேதான் கேட்டார்.

"சத்தம் ஏதாச்சும் இருந்துச்சா கண்ணு?"

"இருந்துச்சுங்கப்பா. உப்பு விக்கறவன் மைக்குல ரெண்டு தடவை கத்தினான்."

"வேற?"

"வேற என்ன?"

அவர் என்னைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டறைக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வாரேன் என்று கிளம்பிவிட்டார். பழசை அழிக்கிற பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வரவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தபோது, பெட்டியின் மேல் சல்லடை வைத்த இடத்தை மறைத்து மகளின் நைட்டிகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. எடுத்து பீரோவில், டிஸ்குகள் இருந்த இடத்தில் வைத்தேன். சூடு நாற்பத்திரண்டு காட்டியது.